கணினிக் கேள்வி-பதில்: வைரஸுக்குக் கதவைத் திறப்பது யார்?

வீட்டுக் கணினியை வைரஸிலிருந்து காப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செய்யக்கூடிய வழிகளையே சொல்லியிருக்கிறோம். மெனுவின் தோற்றம் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறலாம்.

கேள்வி: விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டர் போதுமா? காசு கொடுத்து வேறு ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

வீட்டு உபயோகத்துக்கு டிஃபெண்டரே போதும். ஆனால் அது முழுதாக இயங்குகிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ பகுதியில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ போங்கள். ரியல்-டைம், கிளவுட்-டெலிவர்ட், டேம்பர் என்று மூன்று புரொடெக்‌ஷன்கள் இருக்கும். மூன்றும் ஆன் ஆகியிருக்க வேண்டும். உள்ளே நுழையும் வைரஸ் பெரும்பாலும் முதலில் ஆன்டிவைரஸை அணைக்கத்தான் பார்க்கும். அதைத் தடுப்பதுதான் டேம்பர் புரொடெக்‌ஷனின் வேலை.

அதே பக்கத்தின் அடியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று ஒரு பட்டியல் உண்டு. ‘இந்த ஃபோல்டரைச் சோதிக்காதே’ என்று டிஃபெண்டருக்குச் சொல்லும் பட்டியல் அது. நீங்கள் எதையும் சேர்க்காதிருந்தால் அது காலியாக இருக்க வேண்டும். தீய நிரல்கள் சில, சி டிரைவ் முழுவதையும் சத்தமில்லாமல் இதில் சேர்த்துவிடுகின்றன. அதன்பின் டிஃபெண்டர் பச்சைக் குறி காட்டிக்கொண்டே இருக்கும், எதையும் பிடிக்காது. ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ பகுதியில் ‘பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்’ என்பதையும் ஆன் செய்யுங்கள். இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பரக் குப்பைகளை அது நிறுத்தும்.

காசு கொடுத்து வாங்கும் தொகுப்புகளில் பாஸ்வேர்டு மேனேஜர், குழந்தைகளுக்கான கட்டுப்பாடு போன்றவை கூடுதலாகக் கிடைக்கும். அவை தேவையென்றால் வாங்கலாம். வைரஸ் பயத்துக்காக மட்டும் என்றால், அந்தப் பணத்தில் ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். காரணம் கீழே ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பதிலில் இருக்கிறது.

கேள்வி: இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகுமா?

ஆகாது. இரண்டும் ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் பிடித்துச் சோதிக்க முயலும். கணினி மந்தமாகும், சில நேரம் உறைந்தே போகும். ஒன்று பிடித்து அடைத்து வைத்ததை இன்னொன்று வைரஸ் என்று அலறுவதும் உண்டு. அதனால்தான் வேறு ஆன்டிவைரஸ் நிறுவியவுடன் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டாவது கருத்து வேண்டுமானால், கேட்கும்போது மட்டும் ஓடும் ஸ்கேனர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ‘மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர்’ அந்த வகை. பதிவிறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்கித்தான் ஓட்ட வேண்டும்.

கேள்வி: பென் டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. ஃபார்மட் செய்தால் சரியாகிறது. மறுபடி செருகினால் பழைய கதைதான். உள்ளே இருந்த போட்டோக்கள் போனவைதானா?

ஃபார்மட் செய்யாதவரை போகவில்லை, உள்ளேயேதான் இருக்கின்றன. இந்த வைரஸ் உங்கள் ஃபோல்டர்களுக்கு ‘ஹிட்டன்’, ‘சிஸ்டம்’ என்ற இரண்டு குறிகளைப் போட்டு மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைக்கிறது. ஷார்ட்கட்டைத் தட்டினால் வைரஸும் ஓடும், உங்கள் ஃபோல்டரும் திறக்கும். வேண்டியது திறந்துவிடுவதால் சந்தேகமே வராது. சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி மறைக்கும்.

ஃபார்மட் செய்தும் திரும்ப வருகிறது என்றால் வைரஸ் உங்கள் கணினியில் குடியிருக்கிறது. முதலில் சுத்தம் செய்ய வேண்டியது கணினியை. பென் டிரைவைக் கழற்றி வையுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்’ என்று ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். வீட்டுக் கணினியில் அது நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. இருந்தால் ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் ஓடத் தொடங்கும் இனங்களில் அடையாளம் தெரியாததை ‘டிசேபிள்’ செய்யுங்கள். பிறகு டிஃபெண்டரில் ‘ஃபுல் ஸ்கேன்’, அது முடிந்தபின் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’.

கணினி சுத்தமான பிறகு, செட்டிங்ஸில் ‘ஆட்டோபிளே’யை அணைத்துவிட்டுப் பென் டிரைவைச் செருகுங்கள். எதையும் தட்டாதீர்கள். டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து முதலில் ஸ்கேன். அடுத்து, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ காட்டச் சொல்லுங்கள். இதோடு நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. பலரும் இங்கேதான் ‘எல்லாம் அழிந்துவிட்டது’ என்று கைவிட்டுவிடுகிறார்கள். ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய் ‘ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்ற இடத்தில் உள்ள டிக்கையும் எடுக்க வேண்டும். உங்கள் ஃபோல்டர்கள் மங்கலான நிறத்தில் அப்போது தெரியும். ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்ற ஃபோல்டரும் கூடவே தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது விண்டோஸுடையதுதான்.

மங்கலாகத் தெரியும் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் மறைப்புக் குறியும் கூடவே வரும். கணினியில் புதிய ஃபோல்டர் ஒன்று உருவாக்கி, பழையதற்குள் இருக்கும் போட்டோ, ஆவணங்களை மட்டும் அதில் காப்பி செய்யுங்கள். ஷார்ட்கட் எதையும், பெயர் விபிஎஸ் (vbs), ஜேஎஸ் (js), இஎக்ஸ்இ (exe) என்று முடியும் நிரல் ஃபைல் எதையும் எடுக்காதீர்கள் (இந்தப் பின்னொட்டுகளைத் தெரிய வைக்கும் வழி கீழே மின்னஞ்சல் பதிலில் இருக்கிறது). கட்டளை வரி பழகியவர்கள் ‘அட்ரிப்’ கட்டளையால் அந்த இரண்டு குறிகளையும் ஒரே மூச்சில் நீக்கிவிடலாம். எல்லாம் வந்துசேர்ந்ததை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் பென் டிரைவை ஃபார்மட் செய்ய வேண்டும். ‘குவிக் ஃபார்மட்’ போதும். எடுத்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அந்த சிஸ்டம் ஃபைல்கள் கண்ணில் பட்டால் யாராவது அழித்துவிடுவார்கள்.

கேள்வி: ஒரு மென்பொருளின் ‘கிராக்’ (காசு கொடுக்காமல் ஓடும்படி உடைத்த) பதிப்பை மகன் இறக்கி நிறுவினான். அரை மணி நேரத்தில் எல்லா போட்டோக்களின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. ஒன்றும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது. என்ன செய்வது?

இது ரான்சம்வேர். பெயர்கள் இன்னும் மாறிக்கொண்டே இருந்தால் ஒரு நொடியும் யோசிக்காமல் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை அணையுங்கள். பூட்டப்படாத ஃபைல்களாவது மிஞ்சும். ஏற்கெனவே முடிந்துவிட்டதென்றால் இணைய இணைப்பைத் துண்டித்து, எக்ஸ்டர்னல் டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். செருகியிருந்தால் அவையும் பூட்டப்படும். கோபத்தில் அந்த டெக்ஸ்ட் ஃபைலையும் பூட்டிய ஃபைல்களையும் அழித்துவிடாதீர்கள். எந்த வகை ரான்சம்வேர் என்று கண்டுபிடிக்க அவைதான் ஆதாரம்.

அடுத்து, வேறொரு சுத்தமான கணினியில் ‘நோ மோர் ரான்சம்’ என்ற தளத்தைத் திறங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல் துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய இலவசச் சேவை அது. பூட்டிய ஃபைல் இரண்டையும் அந்த மிரட்டல் குறிப்பையும் ஏற்றினால், வகையைச் சொல்லி, திறக்கும் கருவி இருந்தால் தரும். எல்லா வகைக்கும் கருவி இல்லை. இல்லாவிட்டாலும் பூட்டிய ஃபைல்களைத் தனி டிஸ்கில் போட்டு வையுங்கள். குற்றவாளிகள் பிடிபட்டு, சாவிகள் பின்னாளில் வெளியான வகைகள் பல.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், கிராக் மென்பொருளோடு அதிகம் பரவும் ‘ஸ்டாப்-டிஜேவியூ’ வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இதைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். இது தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல் போனால், எல்லோருக்கும் பொதுவான ‘ஆஃப்லைன்’ சாவியால் பூட்டும். குறிப்பில் உள்ள உங்கள் ஐடி ‘டி1’ (t1) என்று முடிந்தால் அது ஆஃப்லைன் சாவி. என்றாவது ஒருநாள் இலவசமாகத் திறக்கும் வாய்ப்பு அதற்குத்தான் அதிகம். இரண்டாவது, வேகமாக முடிக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டுமே அது குலைக்கிறது. ஒரு போட்டோவுக்கு அது பெரிய சேதம். பெரிய வீடியோவுக்கு அவ்வளவு இல்லை. அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் காட்டி, வீடியோ பழுதுபார்க்கும் கருவிகளால் பெரும்பகுதியை மீட்கலாம்.

பணம் கட்டாதீர்கள். கட்டினால் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, கட்டுகிறவர் என்று தெரிந்தால் மறுபடியும் வருவார்கள். இந்த வகை பலமுறை பாஸ்வேர்டு திருடும் நிரலையும் கூட்டிக்கொண்டு வருவதால், வேறு கருவியிலிருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட கணினியில் டிஸ்கை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே சரி.

கிராக் பற்றி: ‘நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்’ என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருப்பார்கள். காவலை நீங்களே விலக்கி, நிர்வாகி அனுமதியையும் நீங்களே கொடுத்த பிறகு, எவ்வளவு விலை உயர்ந்த ஆன்டிவைரஸும் உதவாது. பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் வைரஸ் தானாக நுழைவதில்லை, நம் கையால் ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் நுழைகிறது. மகனுக்கு ‘ஸ்டாண்டர்டு’ வகைக் கணக்கு ஒன்றைத் தனியாக உருவாக்கிக் கொடுங்கள். நிர்வாகி பாஸ்வேர்டு இல்லாமல் கணினி முழுவதையும் பாதிக்கும் எதையும் அவனால் நிறுவ முடியாது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அவன் கணக்கில் ஓடும் ரான்சம்வேர் அவன் ஃபைல்களைப் பூட்ட நிர்வாகி அனுமதி தேவையில்லை.

அதற்கு மருந்து பேக்கப்தான். முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. வேலை முடிந்ததும் பேக்கப் டிஸ்கைக் கழற்றி வைக்க வேண்டும். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க் பேக்கப் ஆகாது. கிளவுடில் சேமித்தாலும், கணினியில் பூட்டப்பட்ட ஃபைல் சில நிமிடத்தில் அங்கேயும் போய் நல்லதை மாற்றிவிடும். அதன் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் பழைய பதிப்பு இருக்கும். நாளாக ஆக அது அழிந்துவிடும் என்பதால் தாமதிக்காமல் மீட்க வேண்டும். டிஃபெண்டரின் ‘ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்’ பகுதியில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ்’ என்பதை ஆன் செய்தால், அறிமுகமில்லாத நிரல் எதுவும் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் கைவைக்க முடியாது. நல்ல நிரலையும் சிலசமயம் தடுக்கும். அப்போது அதை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ‘நான் ரோபோ இல்லை’ என்று நிரூபிக்க, விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் அழுத்தி, பிறகு கன்ட்ரோல்-வி, என்டர் அழுத்தச் சொன்னது ஒரு தளம். செய்துவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆபத்தா?

பெரிய ஆபத்து. உண்மையான கேப்சா (மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை) எதுவும் பிரவுசருக்கு வெளியே ஒரு பொத்தானைக்கூட அழுத்தச் சொல்லாது. அந்தப் பக்கம் உங்கள் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) ஒரு கட்டளையை ஒளித்து வைத்தது. நீங்கள் திறந்தது ‘ரன்’ பெட்டி. ஒட்டி என்டர் தட்டியதும் அந்தக் கட்டளை உங்கள் பெயரிலேயே ஓடி, பாஸ்வேர்டு திருடும் நிரலை இறக்கியிருக்கும். கட்டளை நீளமானது. பெட்டியில் அதன் கடைசிப் பகுதிதான் தெரியும், அங்கே ‘நான் ரோபோ இல்லை’ என்று எழுதி வைத்திருப்பார்கள். பிரவுசர் வழியே எந்த ஃபைலும் இறங்காததால் பிரவுசரின் எச்சரிக்கையும் வராது.

ஒன்றும் நடக்காதது போலத் தெரிவதுதான் இதன் இயல்பு. லும்மா என்ற திருட்டு நிரல் மட்டும் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளோடு, ‘இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்’ என்று சொல்லும் குக்கிகளையும் இவை எடுத்துப்போகின்றன. குக்கி கையில் இருந்தால் ஓடிபி கேட்காமலே உங்கள் கணக்கைத் திறக்கலாம். ஆகவே பாஸ்வேர்டு மாற்றுவது மட்டும் போதாது.

இப்போதே கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். போனிலிருந்து முதலில் மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதைக் கொடுத்து, பாஸ்வேர்டை மாற்றுங்கள். மீட்பு எண், மாற்று மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையவையாகவே இருக்கின்றனவா, உங்களுக்கு வரும் அஞ்சலை வேறு யாருக்காவது அனுப்பும்படி விதி ஏதும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து வங்கி, பிறகு மற்றவை. இதையெல்லாம் பாதிக்கப்பட்ட கணினியில் உட்கார்ந்து செய்தால் புதிய பாஸ்வேர்டும் போய்விடும்.

கேள்வி: திரையின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’ என்று அடிக்கடி வருகிறது. டிஃபெண்டர் ஸ்கேன் ஒன்றும் இல்லை என்கிறது. எதை நம்புவது?

டிஃபெண்டரை. அது வைரஸ் இல்லை, ஏதோ ஒரு தளத்துக்கு எப்போதோ நீங்கள் கொடுத்த ‘அலவ்’. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாதவற்றை நீக்குங்கள், உடனே நிற்கும். அந்த அறிவிப்பைத் தட்டி எதையாவது நிறுவியிருந்தால் மட்டும் ஃபுல் ஸ்கேன் தேவை. முழுத் திரையையும் அடைத்துக்கொண்டு ‘இந்த எண்ணை அழையுங்கள்’ என்று ஒலி எழுப்பும் பக்கமும் இதே குடும்பம்தான். எஸ்கேப் பொத்தானை அழுத்திப் பிடித்து முழுத் திரையிலிருந்து வெளியே வந்து மூடுங்கள், அல்லது டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். அழைக்கவே கூடாது. உங்கள் கணினியைத் தூரத்திலிருந்து இயக்க அனுமதி வாங்குவதுதான் அந்த எண்ணின் நோக்கம்.

கேள்வி: மின்னஞ்சலில் வரும் பில், பிடிஎஃப் போன்றவற்றைத் திறக்கலாமா?

ஃபைலின் உண்மையான வாலைப் பார்த்த பிறகு திறக்கலாம். விண்டோஸ், தெரிந்த ஃபைல் வகைகளின் பின்னொட்டைத் தானாக மறைத்துவிடுகிறது. ‘பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்பது ‘பில்.பிடிஎஃப்’ என்று மட்டும் தெரியும், படமும் பிடிஎஃப் படமாகவே வைத்திருப்பார்கள். 2000 மே மாதம் உலகைச் சுற்றிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், டெக்ஸ்ட் ஃபைல் போலத் தெரிந்த விபிஎஸ் ஃபைல்தான். இன்றும் அந்த மறைப்பு மாறவில்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை இன்றே ஆன் செய்யுங்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைலும், அதன் பாஸ்வேர்டு அதே அஞ்சலிலும் வந்தால் சந்தேகப்படுங்கள். வழியில் உள்ள ஸ்கேனர் உள்ளே பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் பெரும்பாலும் அப்படிச் செய்கிறார்கள். வேர்டு, எக்ஸெல் ஃபைல் திறந்ததும் ‘எனேபிள் கன்டென்ட்’ கேட்டால் கொடுக்காதீர்கள்.

சந்தேகமான ஃபைலை ‘வைரஸ்டோட்டல்’ தளத்தில் ஏற்றினால் பல ஆன்டிவைரஸ்கள் என்ன சொல்கின்றன என்று ஒரே இடத்தில் பார்க்கலாம். சொந்த ஆவணங்களை அங்கே ஏற்ற வேண்டாம். ஏற்றுவது பாதுகாப்பு நிறுவனங்களின் பார்வைக்கும் போகும்.

கேள்வி: டிஃபெண்டர் ஒரு வைரஸை நீக்குகிறது. மறுநாள் அதே பெயரில் திரும்ப வருகிறது. ஏன்?

வைரஸைத் திரும்பத் திரும்ப இறக்கும் இன்னொரு நிரல் எங்கோ உயிரோடு இருக்கிறது. முதலில் ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’யில் அது பிடிபட்ட இடத்தைப் பாருங்கள். பிரவுசரின் கேச் ஃபோல்டர் என்றால், நீங்கள் தினமும் போகும் தளமோ பிரவுசரில் சேர்த்த ஓர் எக்ஸ்டென்ஷனோதான் (துணை நிரல்) காரணம், எக்ஸ்டென்ஷன்களை நீக்கிப் பாருங்கள். டெம்ப் அல்லது ஆப்டேட்டா ஃபோல்டர் என்றால் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ திறந்து, அர்த்தமில்லாத பெயரில் பவர்ஷெல்லை (விண்டோஸின் கட்டளை நிரல்) ஓட்டும் பணி இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு ஆஃப்லைன் ஸ்கேன். இது விண்டோஸ் முழுதாக எழும் முன்பே ஓடுவதால் வைரஸ் ஒளிவது கடினம். கணினி அணைந்து எழும், ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும், திறந்திருப்பதைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் நாள்கணக்கில் போராட வேண்டாம். ஃபைல்களைப் பேக்கப் எடுத்து, வேறு கணினியில் 8 ஜிபி பென் டிரைவில் ‘மீடியா கிரியேஷன் டூல்’ மூலம் விண்டோஸைத் தயாரித்துப் புதிதாக நிறுவுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10 கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. டிஃபெண்டரும் அப்டேட் ஆகிறது. மாற்றியே ஆக வேண்டுமா?

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. டிஃபெண்டருக்கு வரும் அப்டேட், தெரிந்த வைரஸ்களின் அடையாளப் பட்டியல் மட்டுமே. விண்டோஸில் உள்ள ஓட்டையை அது அடைக்காது. வனாக்ரை என்ற ரான்சம்வேர் நினைவிருக்கிறதா? அது நுழைந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சில் அப்டேட் வந்தது, மே 12இல் தாக்கியது. அப்டேட் போடாத கணினிகளில் யாரும் எதையும் கிளிக் செய்யாமலே புகுந்தது. நம் ஒப்புதல் கேட்காமல் வரும் வகைக்கு அப்டேட் ஒன்றுதான் தடுப்பு. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10க்கு அவை கிடைக்கும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவதற்கான இணைப்பு இருக்கும். விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினி என்றால், விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட் நல்ல தேர்வு. இணையம், கடிதம், வீடியோவுக்கு அது தாராளம்.

கேள்வி: ஆன்டிவைரஸ் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்க முடியுமா?

முடியும். ‘ஐகார்’ சோதனை ஃபைல் என்று ஒன்று உண்டு. 68 எழுத்துகள் கொண்ட ஒரே ஒரு வரி, எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் ஆன்டிவைரஸ்கள் அதை வைரஸாகவே நடத்த வேண்டும் என்று நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து அதை இறக்கிப் பாருங்கள். சேமித்த உடனே எச்சரிக்கை வந்து ஃபைல் காணாமல் போனால் ரியல்-டைம் காவல் விழித்திருக்கிறது. ஃபைல் அப்படியே இருந்தால் மேலே சொன்ன எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலை முதலில் திறந்து பாருங்கள்.